பறக்கும் முன் பத்து நிமிடம்



எக்ஸிபிஷன் வருகிறது என்றால் ஏதாவது ஒரு பிரிவின் மேஜையில் ரேடியோ கண்ட்ரோல் விமானம் ஒன்று உருவாக ஆரம்பித்துவிடும். மெக்கானிக்கல் நண்பர் தெர்மாகோல் வெட்டுவார். எலக்ட்ரானிக்ஸ் நண்பர் சாலிடரிங் அயர்னைப் பிடிப்பார். சிவில் நண்பர் பக்கத்தில் நின்று “இது தாங்காதுடா” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு மாதம் ராத்திரி பகல் பாராமல் உழைப்போம். ஆனால் பறக்கவிடுகிற அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் எங்கிருந்தோ அவசரம் வந்துவிடும். “ஏத்துடா மச்சான், பார்த்துக்கலாம்!” என்பார்கள். அரை நிமிடம் கழித்துப் பார்த்துக்கொள்வதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

மாடல் விமானம் விழுவதை நாம் வானத்தில்தான் பார்க்கிறோம். ஆனால் அதற்கான காரணம் பெரும்பாலும் தரையிலேயே இருந்திருக்கும்: இறுக்காத ஒரு ஸ்குரூ, சார்ஜ் குறைந்த ஒரு செல், தலைகீழாக மாட்டிய ஒரு சர்வோ. இவற்றைப் பிடிக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் எதை, எந்த வரிசையில், ஏன் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

பொம்மையா, எந்திரமா?

“தெர்மாகோல் விமானம்தானே, விழுந்தா யாருக்கு என்ன?” என்று கேட்பவர்களுக்கு நம் முதலாண்டுக் கணக்கே பதில் சொல்லும்.

ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு பயிற்சி விமானம் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இயக்க ஆற்றல், நிறையைப் பாதியாக்கி வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சுமார் 169 ஜூல். அதே ஒன்றரைக் கிலோவை 11.5 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் வருகிற ஆற்றலும் இதுதான். மூன்று மாடிக் கட்டிடத்துக்கு மேலிருந்து ஒன்றரைக் கிலோ மூட்டை ஒன்று தலையில் விழுவதாக நினைத்துப் பாருங்கள்.

அடுத்து பிரொப்பெல்லர். 10 அங்குல விட்டமுள்ள பிரொப்பெல்லர் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றினால் அதன் நுனி நொடிக்கு ஏறக்குறைய 120 மீட்டர் வேகத்தில் போகும். மணிக்கு 430 கிலோமீட்டர்! ஆனால் சுற்றும்போது அது கண்ணுக்குத் தெரிவதில்லை, மெல்லிய புகை வட்டம் போலத்தான் இருக்கும். விரலை வைத்தவனுக்குத்தான் அது கத்தி என்று தெரியும்.

ஆகவே இது பொம்மை இல்லை, எந்திரம். வொர்க்‌ஷாப்பில் லேத்தை ஓட்டுவதற்கு முன் சக் கீயை எடுத்துவிட்டோமா என்று பார்க்கிறோம் அல்லவா? அதே பழக்கத்தை மைதானத்துக்கும் கொண்டு போக வேண்டும்.

ஒரு பூட்டு கற்றுக்கொடுத்த பாடம்

விமானத்தில் ‘செக் லிஸ்ட்’ என்ற பழக்கம் பெரிதாக வேரூன்றியதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ரைட் ஃபீல்டு மைதானத்தில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற நான்கு எஞ்சின் விமானம் சோதனைப் பறப்புக்குக் கிளம்பியது. ஏறியது, மூக்கு மேலும் மேலும் நிமிர்ந்தது, தூக்குவிசை இழந்தது, விழுந்து எரிந்தது. விமானத்தை ஓட்டிய மேஜர் ப்ளோயர் ஹில்லும் போயிங்கின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவரும் உயிரிழந்தார்கள்.

எஞ்சினில் கோளாறு இல்லை. விமானத்தை நிறுத்தி வைத்திருக்கும்போது வால் பகுதி காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டு போடுவார்கள். கிளம்பும் முன் அதை விடுவிக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஓட்டியவர் புதியவர் அல்ல, சோதனைப் பறப்புக்கே பொறுப்பான அதிகாரி. அதனால் “இன்னும் நல்லா பயிற்சி கொடுங்க” என்பது இதற்குத் தீர்வாகாது என்று புரிந்தது. மனித ஞாபகத்தை மட்டும் நம்பாமல், செய்ய வேண்டியதை ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். அந்த விமானந்தான் பின்னால் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் தயாரானது.

நமக்கு இதில் இருக்கும் செய்தி எளிமையானது. மறதி என்பது திறமைக் குறைவு இல்லை. பரபரப்பு வந்தால் யாருக்கும் மறக்கும். அதற்கு மருந்து ஒரு துண்டுக் காகிதம்.

முதல் சோதனை விமானத்துக்கு அல்ல, இடத்துக்கு

கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே ஈ.சி.ஆர்., தென்மேற்கே லாஸ்பேட்டை விமான நிலையம். இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது நம்ம பிள்ளைச்சாவடி. விமானப் பெட்டியைத் திறக்கும் முன்பே இந்த மூன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் விமான நிலையம். 2021 ஆகஸ்ட் 25-இல் மத்திய அரசு அறிவித்த ட்ரோன் விதிகள் நாலு விசிறி வைத்த ட்ரோனுக்கு மட்டுந்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை, இறக்கை வைத்த மாடல் விமானமும் அதில் அடக்கம். மொத்த எடை 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும், கண்ணெட்டும் தூரத்துக்குள் பறப்பவற்றை ‘மாடல்’ என்று அந்த விதிகள் தனியாக வரையறுக்கின்றன. இவற்றுக்கு டைப் சர்டிபிகேட் வேண்டியதில்லை என்ற சலுகையும் உண்டு. ஆனால் எங்கே பறக்கலாம் என்பதில் சலுகை கிடையாது.

வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் தனி அனுமதி தேவையில்லை. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். இயங்குகிற விமான நிலையம் ஒன்றின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை பச்சை மண்டலமே கிடையாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம் மட்டும் பச்சை. அதற்கு அப்பால், வேறு தடை இல்லாத இடங்களில் 400 அடி வரை பச்சை.

பிள்ளைச்சாவடி நேர்கோட்டில் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள்தான் வருகிறது. 2024 டிசம்பர் 20-இல் அங்கிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானங்கள் பறக்க ஆரம்பித்தன. ஆகவே “பீச் காலியாத்தானே இருக்கு” என்று சொல்லி மாடலைத் தூக்கிக்கொண்டு போவது சரியில்லை. மணல் காலியாக இருக்கலாம், மேலே வானம் காலி இல்லை. உண்மையில் கடலரிப்பால் குறுகிப்போன நம் கரையில் மணலும் காலி இல்லை. படகு இருக்கும், வலை பின்னுகிறவர் இருப்பார், விளையாடுகிற குழந்தைகள் இருக்கும்.

அதனால் நாம் செய்யக்கூடியது இதுதான். கட்டுவது, எடை பார்ப்பது, மேஜைச் சோதனை இதெல்லாம் கல்லூரியிலேயே நடக்கட்டும். பறப்பதற்கு ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் பச்சையாக இருக்கும், நில உரிமையாளர் சம்மதித்த, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள். முக்கியப் பிரமுகர் வருகை போன்ற காரணங்களுக்காகத் தற்காலிகத் தடையும் வரலாம். ஆகவே வரைபடத்தைப் போன வாரம் பார்த்தது போதாது, கிளம்புகிற அன்று காலையிலும் பார்க்க வேண்டும்.

அடுத்து காற்று. கடலோரத்தில் காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி லேசான காற்று வீசும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று திரும்பும். நம் கரை கிழக்கு பார்த்தது என்பதால், காலையில் மோட்டார் நின்றுபோன மாடல் கடலை நோக்கித் தள்ளப்படும். பிற்பகலில் ரோட்டையும் வீடுகளையும் நோக்கித் தள்ளப்படும். கரையோரக் கிராமம் எதில் மைதானம் கிடைத்தாலும் இது பொருந்தும். விமானத்தை எப்போதும் எதிர்காற்றில்தான் ஏற்ற வேண்டும், எதிர்காற்றில்தான் இறக்க வேண்டும். ட்ரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவில் ஒரு சிறு ரிப்பன் கட்டிக்கொண்டால் காற்றின் திசை கண் முன்னால் தெரியும். தென்னை ஓலை விடாமல் ஆடுகிற நாளில் புது விமானத்தின் முதல் பறப்பு வேண்டாம்.

சூரியனையும் மறக்காதீர்கள். காலை நேரத்தில் கிழக்கே பார்த்து ஓட்டினால் விமானம் சூரியனுக்குள் போய் மறையும். இரண்டு நொடி கண் கூசினால் போதும், விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாமல் போகும்.

உடம்பைத் தொட்டுப் பார்த்தல்

இனி விமானத்துக்கு வருவோம். சோதனையை எப்போதும் மூக்கிலிருந்து ஆரம்பித்து, ஒரு பக்க இறக்கை, வால், மறுபக்க இறக்கை, மறுபடி மூக்கு என்று சுற்றி வந்து முடியுங்கள். கோயிலைச் சுற்றுவது போல ஒரே வழியில் சுற்றினால் எதுவும் விடுபடாது. பாட்டரி இணைக்காமல் செய்ய வேண்டிய வேலை இது.

பிரொப்பெல்லரில் விரிசலோ சிறு வெட்டோ இருந்தால் தூக்கி எறியுங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டுகிற சமாச்சாரமே இல்லை. அந்த நட்டு இறுக்கமாக இருக்கிறதா, மோட்டார் மவுண்ட் ஸ்குரூ ஆடுகிறதா என்று பாருங்கள். ஏலரான், எலிவேட்டர், ரட்டர் ஒவ்வொன்றையும் லேசாக இழுத்துப் பாருங்கள். கீல் கையோடு வந்தால் வருத்தப்படாதீர்கள், வானத்தில் வராமல் இங்கே வந்ததே என்று சந்தோஷப்படுங்கள். சர்வோ கையின் நடு ஸ்குரூ இருக்கிறதா? சோதித்துவிட்டு அதைப் போட மறப்பது சர்வ சாதாரணம். கம்பியின் நுனியில் உள்ள கொக்கி கழன்றுவிடாதபடி ட்யூப் மாட்டியிருக்கிறதா? இறக்கையை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டியிருந்தால் அதை நீட்டிப் பாருங்கள். வெயிலில் கிடந்த ரப்பர் பாண்டு பார்வைக்கு நன்றாக இருக்கும், இழுத்தால்தான் வெடிப்பு தெரியும். கடலோரத்தில் பறந்த மாடலின் கனெக்டர்களில் உப்புக் காற்றால் பச்சை பூத்திருக்கும், சர்வோ பல்லில் மணல் நறநறக்கும். இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது ஈர்ப்பு மையம். இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் மார்க்குக்காகப் படித்த அதே சி.ஜி.தான். சாதாரணப் பயிற்சி விமானத்தில் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, இறக்கை அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இறக்கை அகலம் 20 சென்டிமீட்டர் என்றால் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6.6 சென்டிமீட்டருக்குள். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் விரல் நுனியால் தாங்கிப் பிடித்தால் விமானம் சமமாகவோ, மூக்கு இம்மி கீழே சாய்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு கொஞ்சம் கனத்தால் விமானம் மந்தமாகப் பறக்கும், இறங்கும்போது வேகம் கேட்கும், சமாளிக்கலாம். வால் கனத்தால் எலிவேட்டரைத் தொட்டவுடன் தலை தூக்கும், நாம் திருத்துவதற்குள் தலைகுப்புறப் போகும்.

ஒரு சின்னக் கணக்கு: 1,200 கிராம் விமானத்தில் 200 கிராம் பாட்டரியை 3 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வைத்தால் ஈர்ப்பு மையம் அரை சென்டிமீட்டர் பின்னுக்குப் போகும். மேலே சொன்ன இறக்கையில் நமக்கு இருக்கும் இடமே 1.6 சென்டிமீட்டர்தான். ஆகவே எப்போதும் பறக்கும் நிலையில், பாட்டரியை அதன் இடத்தில் வைத்துக் கட்டிய பிறகுதான் சி.ஜி. பார்க்க வேண்டும்.

பாட்டரி: மொத்தத்தை நம்பாதீர்கள்

நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் மூன்று செல் லிப்போ பாட்டரி. ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், மூன்றும் சேர்த்து 12.6 வோல்ட். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும்.

இங்கே ஒரு ஏமாற்று உண்டு. மல்டிமீட்டரை வைத்து மொத்தம் பார்த்தால் 12.1 வோல்ட் காட்டுகிறது. “பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு” என்று தோன்றும். ஆனால் பாலன்ஸ் வயரில் ஒவ்வொரு செல்லாகப் பார்த்தால் 4.2, 4.2, 3.7 என்று இருக்கலாம். அந்த மூன்றாவது செல்தான் மேலே ஏறும்போது, மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும்போது, முதலில் கவிழும். வரிசையில் ஒருத்தர் சோர்ந்தாலும் மொத்த வடமும் நிற்கிற மாதிரி. ஆகவே செல் வாரியாகப் பாருங்கள்.

வோல்டேஜ் இறங்கினால் மோட்டாரை நிறுத்திவிட்டு, சர்வோக்களுக்கு மட்டும் கரண்ட் மிச்சம் வைக்கும்படி ஈ.எஸ்.சி. அமைக்கப்பட்டிருக்கும். அது இறங்குவதற்குக் கிடைக்கும் அவகாசம், இன்னொரு சுற்று சுற்றுவதற்கு அல்ல. ட்ரான்ஸ்மிட்டரில் டைமர் வைத்து, அதற்கு முன்பே இறக்குங்கள்.

உப்பிய பாட்டரி, தோல் கிழிந்த பாட்டரி, விழுந்து நசுங்கிய பாட்டரி எதையும் மாட்டக் கூடாது. லிப்போ தீப்பிடித்தால் வேகமாகப் பரவும், புகையும் நச்சு. மைதானத்துக்கு ஒரு வாளி மணல் கொண்டு போங்கள். விபத்துக்குப் பிறகு பாட்டரியை உடனே பைக்குள் போட்டு பஸ் ஏறாதீர்கள். திறந்தவெளியில், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் வைத்துக் கவனியுங்கள்.

ரேடியோ: வரிசை மாறக் கூடாது

ஸ்விட்ச் போடும் வரிசைக்கு ஒரே விதிதான். ட்ரான்ஸ்மிட்டர் முதலில் ஆன் ஆக வேண்டும், கடைசியில் ஆஃப் ஆக வேண்டும். விமானத்துக்கு எப்போதும் ஒரு எஜமானர் இருக்க வேண்டும். கட்டளை வராத நேரத்தில் மின்சாரம் இருந்தால் மோட்டார் என்ன செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது. பாட்டரி இணைக்கும் முன் த்ராட்டில் குச்சி அடிமட்டத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லுங்கள்.

பழைய 35, 72 மெகாஹெர்ட்ஸ் செட்டுகள் இருந்த காலத்தில் ஒரே சானலில் இருவர் ஆன் செய்தால் விமானம் விழும். அதனால் மைதானத்தில் யார் எந்தச் சானல் என்று பலகை வைத்துக் கட்டுப்படுத்துவார்கள். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-இல் லைசென்ஸ் தேவையில்லாததாக ஆக்கப்பட்டது. இப்போதைய செட்டுகள் அதில்தான் இயங்குகின்றன, ஒவ்வொரு ரிசீவரும் தன் ட்ரான்ஸ்மிட்டரை மட்டுமே கேட்கும். அந்தத் தொல்லை தீர்ந்தது, ஆனால் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. ஒரே ட்ரான்ஸ்மிட்டரில் பத்து விமானங்களின் செட்டிங்கைச் சேமிக்கலாம் என்பதால், வேறு விமானத்தின் செட்டிங்கோடு பறக்கக் கிளம்பிவிடும் ஆபத்து. திரையில் உள்ள பெயரும் கையில் உள்ள விமானமும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஃபெயில்சேஃப் சோதனை: பிரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரைச் சுற்ற விட்டு, ட்ரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்யுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த விமானம் சிக்னல் போனதும் முழு வேகத்தில் ஊருக்குள் போகும் என்று அர்த்தம். தொடர்புக்காக எப்போதும் ட்ரான்ஸ்மிட்டரை முதலில் அணைக்கும் ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

தூரச் சோதனை: செட்டில் உள்ள ரேஞ்ச் செக் முறையை அழுத்தினால் அதன் சக்தி குறையும். நண்பர் ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, கையேடு சொல்லும் தூரத்துக்கு நடந்து போங்கள். பல செட்டுகளில் இது சுமார் 30 தப்படி. அங்கிருந்தும் சர்வோக்கள் தயங்காமல் வேலை செய்ய வேண்டும். மோட்டார் ஓடும்போதும் ஒரு முறை பாருங்கள், சில கோளாறுகள் அப்போதுதான் தலைகாட்டும்.

அசையுதா என்று கேட்காதீர்கள்

இப்போது கட்டுரையின் மிக முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டோம்.

நம்மில் பலர் செய்யும் கண்ட்ரோல் சோதனை என்ன? இரண்டு குச்சியையும் கண்டபடி ஆட்டுவோம். எல்லாம் ‘சர்ர் சர்ர்’ என்று அசையும். “ஓ.கே.டா!” என்போம். அது அசைகிறதா என்ற சோதனை. கேட்க வேண்டிய கேள்வி, சரியான பக்கம் அசைகிறதா என்பது.

இந்த வித்தியாசம் பெரியவர்களையும் பலி வாங்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற லங்காஸ்டர் விமானத்தை வடிவமைத்தவர் ராய் சாட்விக். 1947 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் உட்ஃபோர்டு மைதானத்தில் தாம் வடிவமைத்த ஏவ்ரோ ட்யூடர் 2 விமானத்தின் சோதனைப் பறப்பில் அவரும் ஏறினார். கிளம்பியதும் விழுந்து சாட்விக்கும் விமானியும் உட்பட நால்வர் இறந்தார்கள். பராமரிப்பின்போது ஏலரான் கேபிள்களை மாற்றி இணைத்திருந்தார்கள். இடது பக்கம் திருப்பினால் விமானம் வலது பக்கம் சாயும்.

எழுபத்தோரு வருடம் கழித்து அதே தவறு மறுபடி நடந்தது. 2018 நவம்பர் 11 அன்று, போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து அல்வெர்காவிலிருந்து ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் 190 ஜெட் ஒன்று 6 பேருடன் கிளம்பியது. ஏலரான் கேபிள்கள் தவறாக இணைக்கப்பட்டிருந்தன. கம்ப்யூட்டர்கள் நிறைந்த நவீன விமானம் அது. பராமரிப்பு முடிந்தபோதும் கிளம்பும் முன்பும் நடந்த சோதனைகளில் அந்தத் தவறு பிடிபடவில்லை. விமானம் வானத்தில் தாறுமாறாக உருண்டது. வெகுநேரம் போராடி, கடைசியில் பெஜா விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

அத்தனை பேர் கண்ணுக்கும் தப்பியது நம் கண்ணுக்குத் தப்பாது என்று எப்படிச் சொல்வது? நம் மாடலில் சர்வோ வயரை மாற்றிக் குத்தவோ, செட்டிங்கில் ‘ரிவர்ஸ்’ ஒன்றைத் தட்டிவிடவோ ஒரு நொடி போதும்.

சோதிக்கும் முறை இது. விமானத்தின் வாலுக்குப் பின்னால், விமானி உட்கார்ந்திருக்கும் திசையைப் பார்த்து நில்லுங்கள். முன்னால் நின்று பார்த்தால் இடம் வலம் மாறி மூளை குழம்பும். பிறகு ஒவ்வொன்றாக:

ஏலரான் குச்சியை வலது பக்கம் தள்ளுங்கள். வலது ஏலரான் மேலே எழ வேண்டும், இடது ஏலரான் கீழே இறங்க வேண்டும். காரணம் தெரிந்தால் மறக்காது: ஏலரான் மேலே எழுந்த இறக்கையில் தூக்குவிசை குறையும், அந்தப் பக்கம் சாயும். “குச்சி போன பக்கம் ஏலரான் எழணும்” என்று மனதில் வையுங்கள்.

எலிவேட்டர் குச்சியை உங்களை நோக்கி இழுங்கள். எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே எழ வேண்டும். வால் கீழே அழுந்தும், மூக்கு நிமிரும்.

ரட்டர் குச்சியை வலது பக்கம் தள்ளுங்கள். ரட்டரின் பின்விளிம்பு வலது பக்கம் திரும்ப வேண்டும்.

குச்சியை விட்டதும் எல்லாம் நடுநிலைக்கு வந்து நிற்க வேண்டும். இதை வீட்டில் ஒரு முறை, மைதானத்தில் ஒவ்வொரு பறப்புக்கும் முன் ஒரு முறை செய்யுங்கள். இருபது நொடி வேலை.

ஒருவர் படிக்க, ஒருவர் செய்ய

தனியாகச் சோதித்தால் மனம் ஏமாற்றும். ஐந்தாவது வரியைப் படிக்கும்போதே ஆறாவதைச் செய்தாகிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். எனவே ஒருவர் அட்டையைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் செய்து பார்த்துக் கண்டதைச் சொல்ல வேண்டும். “வலது ஏலரான்?” என்று கேட்டால் “ஓ.கே.” என்பது பதில் இல்லை. “மேலே” என்பதுதான் பதில். நடுவில் செல்போன் அடித்தாலோ, யாராவது பேச்சுக் கொடுத்தாலோ முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

மோட்டாருக்கு உயிர் வந்த பிறகு எல்லோரும் பிரொப்பெல்லருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அது சுற்றும் தளத்துக்கு நேராகப் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது, உடைந்தால் துண்டு அந்தத் திசையில்தான் பறக்கும். கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டுக் கயிற்றைக் கழற்றிப் பாக்கெட்டில் வையுங்கள். துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ளுங்கள். ட்ரான்ஸ்மிட்டர் கயிறும் குனியும்போது தொங்கும், கவனம்.

இதெல்லாம் பயந்தவன் பேச்சு என்று நினைக்க வேண்டாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ‘தக்‌ஷா’ குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர், மாடல் விமானத்தில் நீண்டகால ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித்குமார். அப்படிப்பட்ட போட்டிகளில் நடுவர்களின் பாதுகாப்புப் பரிசோதனையைத் தாண்டாத விமானம் தரையை விட்டே எழும்ப முடியாது. நம்மூர் மைதானத்தில் அந்த நடுவர் இல்லை. அவருடைய வேலையையும் நாமேதான் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சோதனை என்றால் “வேண்டாம்” என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். பஸ் பிடித்து வந்தாச்சு, நண்பர்கள் வீடியோ எடுக்கக் காத்திருக்கிறார்கள், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் படிக்கிறவரோ செய்கிறவரோ, முதலாண்டு ஜூனியராகவே இருந்தாலும், “இன்னைக்கு வேணாம்ணே” என்றால் அன்றைக்குப் பறப்பு இல்லை. கோபிக்கக் கூடாது, கிண்டல் செய்யக் கூடாது. ஏன் பறக்கவில்லை என்று நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். அப்பா அம்மா கொடுத்த காசில் வாங்கிய மோட்டாரும் சர்வோவும் மிச்சம். ஒரு குழந்தை மேல் விமானம் விழுந்தது என்று ஊரே பேசினால், அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியும் இந்தப் பக்கத்து மாணவர்களுக்கு மைதானம் தராது.

அட்டையில் எழுத வேண்டிய பத்து வரிகள்:

1. இடம்: வரைபடத்தில் பச்சையா? இன்று பார்த்தோமா? ஆட்கள் இருக்கிறார்களா?
2. காற்று, சூரியன்: எந்தத் திசை? மோட்டார் நின்றால் எங்கே இறக்குவோம்?
3. பிரொப்பெல்லர், மோட்டார்: விரிசல் இல்லை, நட்டு இறுக்கம்.
4. கீல், சர்வோ ஸ்குரூ, கொக்கி, இறக்கைக் கட்டு: இழுத்துப் பார்த்தாச்சு.
5. பாட்டரி: செல் வாரியாக வோல்டேஜ், உப்பல் இல்லை, அசையாமல் கட்டியாச்சு.
6. சி.ஜி.: பாட்டரியோடு பார்த்தாச்சு.
7. ட்ரான்ஸ்மிட்டர் முதலில்: சரியான மாடல் பெயர், த்ராட்டில் அடியில், டைமர்.
8. ஃபெயில்சேஃப், தூரச் சோதனை: மோட்டார் நின்றது, 30 தப்படியில் சர்வோ வேலை செய்தது.
9. திசை: குச்சி வலது, வலது ஏலரான் மேலே. குச்சி இழுத்தால் எலிவேட்டர் மேலே. ரட்டர் வலது.
10. ஆட்கள் பின்னால், ஐ.டி. கார்டு பாக்கெட்டில். யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?

பத்தாவது கேள்விக்கு எல்லோரும் “இல்லை” என்ற பிறகு ஏற்றுங்கள்.

இந்தப் பக்கத்தைக் கத்தரித்து டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். மலர் கிழிந்தால் மலர்க் குழு கோபிக்காது. விமானம் கிழியாமல் இருந்தால் சரி.